புல் இல்லாத முற்றம்

அம்மாவுக்காகத்தான் அந்த வீட்டை வாங்கினோம். இதை நான் யாரிடம் சொன்னாலும் என் கணவர் பக்கத்தில் நின்று இருமுவார். நாங்கள் வாடகைக்கு இருந்த வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்ட்டின் பழுதான லிப்டும் கரப்பான் பூச்சியும் எனக்கு அலுத்துப்போயிருந்தன என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் உண்மை அதுதான். ஸ்பொன்சர் அலுவல் சரிவந்து அம்மா வரப்போகிறார் என்று தெரிந்ததும், அவரைக் கொண்டுவந்து ஒன்பதாம் மாடியில் அடைத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் முழுக்க வளவும் கிணறுமாக இருந்த மனுசி. கால் வைக்க ஒரு துண்டு நிலமாவது வேண்டாமா?

ஸ்காபரோவின் வடக்கு மூலையில் புதிதாக எழும்பிய வீட்டு வரிசை அது. சில வருடங்களுக்கு முன்புவரை சோளம் நின்ற காணி. வீடு கட்டிய கொம்பனி சாவியைத் தந்தபின், புல்லைப் பாய் மாதிரிச் சுருட்டி லொறியில் கொண்டுவந்து முன்னும் பின்னும் விரித்துவிட்டுப் போனது. மரமில்லை, செடியில்லை, பச்சை மட்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடப்பேன். அம்மாவும் வந்து இப்படி நடப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மே மாதம் அம்மா வந்து இறங்கினார். தேத்தண்ணீர் குடித்து முகம் கழுவிய கையோடு அவரைப் பின்கதவடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவை இழுத்துத் திறந்து, "பாருங்கோம்மா, இது முழுக்க எங்கடை" என்றேன். அம்மா படியில் ஒரு காலை வைத்தார். புல்லைப் பார்த்தார். வைத்த காலைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

"இதென்ன பிள்ளை, வாசல்வரைக்கும் புல்லு முளைச்சுக் கிடக்கு."

"முளைச்சதில்லையம்மா. காசு குடுத்துப் போட்டது."

"ஆக்கள் இருக்கிற வீட்டிலை ஆரும் புல்லுப் போடுவினமோ?"

எங்கள் பக்கத்தில் முற்றம் என்றால் வெறும் மணல். விடியக் கூட்டி, பொழுதுபடக் கூட்டி, ஒரு சருகு கிடக்கவிடாமல் வைத்திருப்பார்கள். முற்றத்தில் புல் நின்றால் அந்த வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. பத்து வருடக் கனடாவில் எப்படியோ மண்டையிலிருந்து கழன்று போய்விட்டது. பாம்புப் பயமாக்கும் என்று நினைத்து, "இஞ்சை பாம்பு இல்லையம்மா" என்றேன். "பாம்புக்கு ஆர் பயந்தது?" என்றுவிட்டு அம்மா உள்ளே போய்க் கதிரையில் இருந்தார். அன்றைக்கு உள்ளே போனவர்தான், பிறகு இரண்டு மாதம் அந்தக் கதவால் வெளியே கால் வைக்கவே இல்லை.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்கி வர, ஊரே ஒரே இரவில் எழும்பி நடந்தபோது, அப்பா வீட்டைப் பூட்டிக்கொண்டு நின்றார். "நீ முன்னாலை நட, நான் பின்னாலை வாறன்" என்று அம்மாவை அனுப்பினார். அம்மா சனத்தோடு சனமாக நடந்தார். அப்பா பின்னால் வரவில்லை. அந்தப் பக்கம் போனவர்கள், இருந்தவர்கள், முகாமில் தெரிந்தவர்கள் என்று அம்மா கேட்காத ஆளில்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பா எங்கே என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆகவே என் வீட்டில் வந்திருந்தது பாதி அம்மாதான் என்று நான் முதலே கணக்கெடுத்திருக்க வேண்டும். மற்றப் பாதியும் நாளுக்கு நாள் கரையத் தொடங்கியது. பின்கதவின் திரைச்சீலையை இழுத்து மூடி, காற்றில் விலகாமல் ஊசி குத்திவைத்தார். காலையில் ஒரு பிஸ்கட், மத்தியானம் இரண்டு வாய் சோறு. கோயிலுக்குக் கூப்பிட்டால், கராஜுக்குள் நின்ற காரில் ஏறித் தலையைக் குனிந்துகொண்டு வருவார். பிறகு அதற்கும் வரவில்லை. என் கணவர் மாமியாரைச் சமாதானப்படுத்தக் கிழமைக்குக் கிழமை புல்லை வெட்டினார். இன்னும் கட்டையாக, இன்னும் கட்டையாக வெட்டி, கடைசியில் திருப்பதிக்குப் போய்வந்த தலை மாதிரி ஆக்கிவிட்டார். "மாமி, இப்ப வந்து பாருங்கோ, புல்லே இல்லை" என்று கூப்பிட்டார். அம்மா எழும்பவில்லை.

ஜூலை மாதம் ஒரு நாள் வேலையால் வருகிறேன், அம்மாவைக் கதிரையில் காணவில்லை. திரை விலகியிருந்தது. வெளியே, கொதிக்கிற வெயிலில், படிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அகப்பை முறிந்து கிடந்தது. அது முறிந்தபிறகு வெறுங்கையால் பிடுங்கியிருக்கிறார். நகக்கண்ணெல்லாம் இரத்தம். வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டு மனுசி தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"முற்றத்தைத் தேடுறன் பிள்ளை. கீழைதான் கிடக்கும். கிடக்காமல் எங்கை போறது?"

தூக்கப் போனேன். பாரமே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொண்டுவந்தது. ஒரு பெரிய ஆளைத் தூக்குகிற பலத்தைக் கூட்டிக்கொண்டு குனிந்தவள், வெறும் சீலையைத் தூக்கினதுபோல் பின்னால் சாய்ந்தேன்.

எங்கள் குடும்ப வைத்தியர் தமிழர், மறைத்துப் பேசத் தெரியாதவர். உடம்பில் வருத்தம் ஒன்றும் இல்லை, ஆனால் இப்படியே உள்ளே கிடந்து சாப்பிடாமல் இருந்தால் அம்மா பனிக்காலத்தைத் தாண்டமாட்டார் என்றார். வெயில் படவேண்டும், நடக்கவேண்டும். "எப்பிடியாவது வெளியிலை இறக்குங்கோ" என்று சொன்னார். வரும் வழியெல்லாம் காருக்குள் நான் அழுதேன். அம்மா பின்சீட்டில் இருந்து, "ஏன் பிள்ளை, உனக்குத் தலையிடியோ?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து என் தலைக்குள் ஒரே ஒரு சிந்தனைதான். புல்லை எடுக்கவேண்டும், மண் போடவேண்டும். என் கணவர் இதற்கெல்லாம் ஆள் வைப்பதா என்று கையை உதறினார். "உமக்கு விசரே? ரெண்டு லொறி மண் கொட்டினால் அலுவல் முடிஞ்சுது." கொட்டினார். புல்லுக்கு மேலேயே கொட்டி, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டிச் சமப்படுத்தினார். நல்ல மழை ஒன்று பெய்தது. அரைவாசி மண் அயல்வீட்டுப் பூப்பாத்திக்குள் போனது, மிச்சத் தண்ணீர் எங்கள் பேஸ்மென்டுக்குள் வந்தது. அக்கம்பக்கத்துப் பூனைகள் எல்லாம் கூடிப் பேசியதுபோல் அங்கே வெளிக்குப் போகத் தொடங்கின. அதையும் பொறுத்திருக்கலாம். கொஞ்ச நாளில் மண்ணைக் கிழித்துக்கொண்டு புல் வந்தது. முன்பைவிடச் செழிப்பாக, ஊசி ஊசியாக வந்தது. அம்மா அதைத் திரையின் ஓரத்தால் பார்த்துவிட்டு எழுப்பின சத்தம் இப்போதும் என் காதில் கிடக்கிறது.

அதற்குப் பிறகுதான் முறையாகத் தோட்டம் வடிவமைக்கிற ஒருவரைப் பிடித்தோம். என் வேலையிடத்து மேலாளர் கொடுத்த நம்பர். வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர். ஆறடிக்கு மேல், காலில் தோணி மாதிரிச் சப்பாத்து. வளவை மூன்று தரம் சுற்றி நடந்தார், முக்காலியில் ஒரு கருவியை நிறுத்தி எந்தப் பக்கம் தாழ்வு என்று பார்த்தார், குனிந்து களிமண்ணைக் கையில் எடுத்து உருட்டினார். பிறகு சமையலறை மேசையில் வந்திருந்து, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டார். விருந்தா, நீச்சலா, இறைச்சி வாட்டுவதா? என் அம்மா அதில் இறங்கவேண்டும், அவ்வளவுதான் என்றேன். அம்மா எந்த ஊர் என்றார். சொன்னேன். வெயில் ஊர், கடல், பனை என்று அவர் கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். இந்தப் புல் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னேன். அவருடைய முகம் பிரகாசித்தது. விளங்கிவிட்டது என்றார்.

என்ன விளங்கினது என்பது இரண்டு கிழமைக்குப் பிறகு தெரிந்தது. பெரிய தாளைச் சுருள் விரித்து மேசையில் வைத்தார். நல்ல கைக்காரன், பொய் சொல்லக்கூடாது. வளைந்து போகிற கல் பாதை, இருக்க ஒரு வாங்கு. அதைச் சுற்றி, ஆளுயரத்துக்கு, காற்றில் ஆடுகிற மாதிரி நெடுநெடுவென்று புல்! அலங்காரப் புல்லாம். இப்போது எல்லோரும் அதைத்தான் விரும்புகிறார்களாம். வெட்டத் தேவையில்லையாம், உங்கள் ஊர்க் கடற்கரையை நினைவுபடுத்துமாம். எனக்கு வாயில் வந்ததை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை, தமிழில் சொன்னால் அவருக்கு விளங்காது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

சுருளை மடித்து ஒளிப்பதற்குள் அம்மா வந்துவிட்டார். பென்சில் கோடுகளுக்குமேல் விரலை வைத்து மெல்ல மெல்ல நகர்த்தினார். "இது புல்லெல்லே?" என்றார். அம்மா கதிரையை இழுத்து இருந்தார். வந்த நாளிலிருந்து சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

"ஆறு மாசத்துக்குப் பிறகுதான் திரும்பிப் போக விட்டவங்கள். மாரி பெய்து ஓய்ஞ்சு கிடந்துது. படலையைத் திறக்கிறன், முற்றத்தைக் காணேல்லை. என்ரை இடுப்பளவுக்குப் புல்லு. நான் கூட்டிப்போட்டு வெளிக்கிட்ட முற்றம் பிள்ளை. மண் கிடந்திருந்தால் ஒரு காலடியாவது கிடந்திருக்கும். கொப்பர் இந்தப் பக்கம் போனவரோ, அந்தப் பக்கம் போனவரோ, ஆரும் இழுத்துக்கொண்டு போனவங்களோ, ஒரு அடையாளம் இருந்திருக்கும். புல்லு எல்லாத்தையும் மூடிப்போட்டுது."

ஒரு மாரி மழைக்கு அப்பாவின் எந்தக் காலடி நிற்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடிய முகமாக அது இருக்கவில்லை.

அடுத்த நாள் அந்த மனுசனுக்குப் போன் எடுத்தேன். ஒரு புல்லும் வேண்டாம், ஒரு செடியும் வேண்டாம், பின்வளவு முழுக்க வெறும் மணல், கூட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். அப்பாவின் கதையை முன்பின் தெரியாத ஆளுக்குப் போனில் சொல்ல என்னால் முடியாது. சமய விஷயம் என்றேன். கனடாவில் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு யாரும் மேலே கேட்கமாட்டார்கள். அவர் கேட்காததோடு நில்லாமல் உற்சாகமும் ஆகிவிட்டார். ஜப்பானில் கோயில்களில் இப்படி மணல் தோட்டம் உண்டாம், இருபது வருடமாக ஒன்று செய்யவேண்டும் என்று ஆசையாம், கேட்க ஒரு வாடிக்கையாளர் இல்லையாம். சரி, யாருக்காவது சந்தோசமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலையைச் சும்மா சொல்லக்கூடாது. புல்லை வேரோடு வாரி லொறியில் ஏற்றினார்கள். நிலத்தைத் தோண்டி, தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் பின்மூலைக்கு ஓடுகிறமாதிரிச் சரிவு வைத்து, கல்லுப் போட்டு இறுக்கி, புல் கிளம்பாதிருக்க ஒரு தடித்த துணியை விரித்தார்கள். அதற்குமேல் போடுவதற்கு மூன்று வகை மணலை அந்த மனுசன் ஜாம் போத்தல்களில் கொண்டுவந்து காட்டினார். அம்மா மூன்றையும் தரையில் கொட்டச் சொல்லி, ஒவ்வொன்றிலும் பெருவிரலை அழுத்தி எடுத்துப் பார்த்தார். மூன்றாவதைக் காட்டி "இது" என்றார். மென்மை பார்க்கிறார் என்று நானும் நினைத்தேன், அந்த மனுசனும் நினைத்தார்.

செப்டெம்பர் நடுப்பகுதியில் வேலை முடிந்தது. அன்று பின்னேரம் அம்மா தானாகத் திரைச்சீலையின் ஊசியைக் கழற்றினார். கதவைத் திறந்தார். படியில் இறங்கினார். வெறுங்காலோடு மணலில் நின்று, ஒரு நீண்ட மூச்சு விட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

தமிழ்க் கடையில் ஈர்க்கு விளக்குமாறு வாங்கி வந்து கொடுத்தேன். அதன்பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. பொழுதுபடும் நேரம் வீட்டின் பக்கவாட்டுக் கேற்றடியில் தொடங்கி, பின்னுக்குப் பின்னாக நகர்ந்து, தன் காலடியையும் தானே அழித்துக்கொண்டு கூட்டி வருவார். கடைசியில் படியில் ஏறினால் முற்றத்தில் ஒரு அடையாளமும் இராது, விளக்குமாற்றின் கோடுகள் மட்டும் கிடக்கும். விடிய எழும்பிப் படியில் நின்று பார்ப்பார். பார்த்த பிறகுதான் தேத்தண்ணீர். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கணவர், "மாமி, உங்கடை முற்றத்திலை நடக்க நாங்கள் பாஸ் எடுக்கவேணுமோ?" என்று பகிடி விட, அம்மா சிரித்தார். சிரித்தார்! எனக்கு அந்த வெள்ளைக்காரனைக் கும்பிடலாம் போல் இருந்தது.

எத்தனை நாளைக்கு அந்தச் சந்தோசம்? ஒரு காலை, வேலைக்கு வெளிக்கிட்டபடி, "அப்பிடி என்னம்மா பாக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ஆரும் வந்ததோ எண்டு."

"ஆரம்மா வாறது?"

அம்மா குங்குமப்பொட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். அந்தப் பொட்டுக்காகச் சொந்தக்காரர் என்னிடம் குறை சொல்லாத நாளில்லை. இத்தனை வருடமாகிவிட்டது, அந்தியேட்டி செய்து, கிரியைகளை முடித்து, அந்த ஆத்துமாவை அனுப்பிவிடுங்கள் என்பார்கள். நானும் அம்மாவிடம் அதை எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அம்மா ஒரு தரமும் ஏற்கவில்லை.

அம்மாவுக்கு விசர் என்று நினைக்கவேண்டாம். அவருக்கென்று ஒரு நியாயம் இருந்தது. காணாமற்போனவர்களைத் தேடுகிற ஆட்களிடமெல்லாம் எங்கள் ரொறன்ரோ விலாசத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். அந்த நாளில் இது ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்குகிற ஊர். என் மச்சான் ஒருவன் எத்தனையோ நாடு சுற்றி, ஒரு விடியற்காலை ஒரு பையோடு எங்கள் அப்பார்ட்மென்ட் கதவடியில் வந்து நின்றான். செத்துவிட்டான் என்று அவனுக்காக அழுது முடித்திருந்தோம். அவன் வரலாம் என்றால் அப்பா ஏன் வரக்கூடாது? படித்த ஆளைப் பிடித்து, படம் கீறுவித்து, நிலம் தோண்டி, அம்மா காத்திருப்பதற்கு நாங்களே ஒரு இடம் கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. என் கணவர் தேத்தண்ணீர் போட எழும்பிப் போனவர், "கேத்தலைக் காணேல்லை" என்று கத்தினார். கேத்தல் மட்டுமல்ல, சோற்றுப் பானை இல்லை, தாச்சி இல்லை, பேசின் இல்லை. அலுமாரி துடைத்தெடுத்ததுபோல் கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது. போய்ப் பார்த்தால் எங்கள் வீட்டுச் சட்டி பானை முழுவதும் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தன. கேற்றடியிலிருந்து படிவரை ஒரு வரிசை, படியிலிருந்து கேற்றுக்கு இன்னொரு வரிசை. கேத்தல் கவிழாமல் சரிந்து கிடக்க, அந்த இடத்தை அம்மா பூசைத் தட்டால் மூடியிருந்தார். என் கணவர் சிரிக்கத் தொடங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

ஊரில் கள்ளன் வந்துபோன வீட்டில் இப்படிச் செய்வார்கள். பொலிஸ் வரும்வரை காலடி அழியாதிருக்கச் சட்டியைக் கவிழ்த்து மூடிவைப்பார்கள். நான் அருகில் கிடந்த பேசினைத் தூக்கினேன். ஈர மணலில் ஒரு பெரிய சப்பாத்துக் காலடி, நல்ல தெளிவாகக் கிடந்தது.

அம்மா படியில் இருந்தார். சீலைத் தலைப்பு முழுக்க ஈரம்.

"வாசல்வரைக்கும் வந்தவர் பிள்ளை. இந்தா, இதிலை நிண்டிருக்கிறார். ரெண்டு காலும் சேத்து நிண்டிருக்கிறார். நான் நித்திரையாக் கிடந்திட்டன். ஒருத்தரும் எழும்பேல்லை எண்டு திரும்பிப் போட்டார்."

"அம்மா, அப்பா சப்பாத்துப் போடுறவரே?"

"பிளேனிலை வாறவை சப்பாத்துப் போட்டுக்கொண்டுதானே வருவினம். எனக்கும் போட்டுத்தானே ஏத்தினவை." பிறகு என் கையைப் பிடித்து உலுக்கினார். "தூரப் போயிருக்கமாட்டார். காரை எடுக்கச் சொல்லு மருமோனை. ரோட்டு ரோட்டாப் பாக்கச் சொல்லு. அவருக்கு இங்கிலீசு தெரியும், ஆரிட்டையும் கேட்டிருப்பார். கெதியாப் போகச் சொல்லு பிள்ளை, மழை வரப்போகுது!"

என் கணவர் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. நான் ஹோலுக்குள் வந்தபோது போன் பக்கத்தில் செய்தி விளக்கு மினுங்கியது. அமத்தினேன். தோட்டக்காரரின் குரல். காலை வெளிச்சம் அருமையாக இருந்ததாம், விளக்குமாற்றுக் கோடுகள் சரிந்த வெயிலில் அழகாக விழுந்திருந்தனவாம், தன் வேலைகளின் பட அல்பத்துக்கு ஒரு படம் எடுக்க வந்து போனாராம், எங்களை எழுப்ப மனம் வரவில்லையாம். இதுவரை செய்ததில் தனக்கு ஆகப் பிடித்த தோட்டம் இதுதான் என்றும் சொல்லியிருந்தார்.

செய்தியை மூன்று தரம் கேட்டேன். அழித்துவிடலாம் என்று விரல் போனது. சொல்லாமல் விட்டால் அம்மா இன்றைக்கு முழுச் சந்தோசத்தோடு அழுவார், அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நம்புவார். ஆனால் இனி ஒரு இரவும் நித்திரை கொள்ளமாட்டார். அந்தப் படியிலேயே, பனி கொட்டினாலும், விழித்துக்கொண்டு இருப்பார். வைத்தியர் சொன்னது நடந்துவிடும். போய்ச் சொன்னேன்.

அம்மா நம்பவில்லை. "உது ஆர் சொன்னது? மெசினோ? கூப்பிடு அவனை. வந்து காலை வைச்சுக் காட்டட்டும்."

கூப்பிட்டேன். இந்தத் தடவை அப்பாவின் கதையைச் சொன்னேன். ஓட்டை ஆங்கிலத்தில், அழுதுகொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். உடனே வருகிறேன் என்றார். அவர் வரும்வரை அம்மா வரிசைக்கு நடுவில் காவல் நின்றார். தூறல் விழுந்தது, குடையைக் கொண்டுபோனேன். தனக்குப் பிடிக்கவேண்டாம், அந்தப் படியடிச் சட்டிக்குப் பிடி என்றார்.

அவர் பக்கவாட்டுக் கேற்றால் வந்து, மணலில் கால் வைக்கத் தயங்கி நின்றார். அதே தோணிச் சப்பாத்து. அம்மா கையைக் காட்டி அவரைப் படியடிக்குக் கூப்பிட்டார். சோற்றுப் பானையைத் தானே குனிந்து தூக்கினார். வலது காலடி. அந்தப் பெரிய மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முட்டையில் மிதிப்பதுபோல் மெதுவாகக் காலை அதற்குள் இறக்கினார். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. அம்மா மணலில் கையூன்றி, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், சப்பாத்தைச் சுற்றி விளிம்பு விளிம்பாகப் பார்த்தார். பிறகு எழும்பினார்.

"தாங்க்யூ" என்றார் அவரிடம். அம்மா ஒருவரோடு ஆங்கிலத்தில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தரம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அம்மா சட்டி பானைகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து சிங்கில் அடுக்கினார். நான் உதவப் போக, வேண்டாம் என்று கையால் தள்ளினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ரோட்டு ரோட்டாகச் சுற்றிவிட்டு என் கணவர் வந்து, கதவடியில் சாவியோடு நின்றார். மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் மேலே போய்விட்டார். அம்மா மண் போகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சோற்றுப் பானையில் அரிசியைப் போட்டுக் களைந்தபடி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"பிள்ளை, கோயில் ஐயரோடை கதை."

"எதுக்கம்மா?"

"கொப்பருக்குச் செய்யவேண்டியதைச் செய்வம். இனிப் போதும்."

எத்தனை வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட சொல். அதற்காக எவ்வளவு கெஞ்சியிருப்பேன், எவ்வளவு எரிந்து விழுந்திருப்பேன். இப்போது அது வந்துவிட்டது, ஓம் அம்மா என்று சொல்லவேண்டியதுதான். அம்மா பொட்டு வைத்துக்கொண்டு வழி பார்த்திருந்த வரைக்கும் அப்பா எங்கேயோ இருந்தார். இனி இல்லை.

"இன்னும் கொஞ்ச நாள் பாப்பம் அம்மா" என்றேன். என் குரலா என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா தண்ணீரை நிற்பாட்டினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீயுமோ பிள்ளை பாத்துக்கொண்டிருந்தனி?"

நான் தலையாட்டினேன். அம்மா ஈரக் கையோடு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.